இறக்கிவிடும் இடங்கள்

ரெண்டு நாள்தானா?
அப்ப இரட்டைக் கோபுரத்தை நான் சொல்ல மாட்டேன்.
எந்த முக்குல திரும்பினாலும்
கடன் கொடுத்தவன் மாதிரி
அதுவா வந்து எதிரே நிக்கும்.

செயலியில பார்த்திருப்பீங்க,
பேரு குணமலர், வெள்ளை மைவி.
ஆறு வருஷமா இந்தக் கோலாலம்பூரை
வாசல் வாசலா எனக்குத் தெரியும்.
உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க.
வெளியே வர்ற முகத்தை வச்சுத்தான் சொல்லுவேன்.

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் போங்க.
சளசளன்னு பேசிட்டுப் போன நாலு பேர்
திரும்பும்போது ஆளுக்கொரு ஜன்னலைத் தேடுனாங்க.
ஜன்னல் மூணுதான் இருந்துச்சு.
குவிமாடம் ஒன்னு தலைகீழா
தொப்பை போட்டுத் தொங்குதாம்.
கழுத்தைத் தேய்ச்சிக்கிட்டே சொன்னாரு ஒருத்தர்.

பத்துமலைக்கு வெயில் ஏறுமுன்னே.
கையில பை வேண்டாம்.
குரங்குகிட்ட பேரம் பேச முடியாது.

தித்திவங்சா ஏரி, சாயங்காலம் ஆறரை.
ஆர்டர் வராத நேரத்துல நான் நிக்கிற இடம்.
கழிவறை சுத்தம்.
சின்ன விஷயம்னு நினைக்காதீங்க,
நாள் பூரா கார் ஓட்டுறவளைக் கேட்டுப் பாருங்க.
தண்ணியில அதே கோபுரம் தலைகீழா நடுங்கும்.
அங்க மட்டும் அதைப் பார்க்கலாம், தப்பில்ல.

விடிகாலை எந்திரிப்பீங்களா?
சௌக்கிட் சந்தை.
ஒரு மலாய்க்காரம்மா பூங்கா காந்தான் ஒரு கட்டு,
பெத்தாய் ரெண்டு கட்டு ஏத்திட்டு வந்தாங்க.
மறுநாள் பூரா கார்ல அந்த வாசம்.
எவனோ நட்சத்திரத்தைக் குறைச்சான்.
குறைச்சிக்கட்டும்.

சாப்பாடு பத்தி வாயே திறக்க மாட்டேன்.
ஒரு நாசி லெமாக் கடைக்காக
என் வீட்டுக்காரரும் நானும்
கல்யாணமான வருஷத்துலேருந்து சண்டை.

ஜாலான் அம்பாங் இப்படித்தான், நகராது.
அதுவரைக்கும் ஒன்னு சொல்றேன்.

கோபுரத்துக்குக் கீழேயே
ஒரு இசை மண்டபம் இருக்கு.
எத்தனையோ பேரை அங்க இறக்கியிருக்கேன்,
பாத்தேக் சட்டை, பட்டு, சென்ட் வாசம்.
ஒரு சனிக்கிழமை திருமதி இயோ
இறங்காம உக்காந்துட்டாங்க.
ரெண்டு டிக்கெட்டு. கூட வர ஆளில்ல.
“சிலிப்பர் போட்டா விட மாட்டான், சப்பாத்து இருக்கா?”
பூட்டுல இருந்துச்சு,
மகனோட பள்ளிக்கூட விழாவுக்கு வாங்கினது.

உள்ளே குளிர்.
மேடையில எண்பது பேரு இருக்கும்.
ஒரு குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டுச்சு.
மத்ததெல்லாம் அதைத் தேடிக்கிட்டு வந்துச்சு,
சிலது கீழேருந்து, சிலது தடுக்கி,
கம்பியெல்லாம் கூட்டமா
மழை நின்ன பிறகு தகரக்கூரை சொட்டுற மாதிரி.
எனக்கு மயிர் கூச்செறிஞ்சிருச்சு.
இதுதான் பாட்டுன்னு நினைச்சு
கையைக் கூடத் தூக்கிட்டேன்.
திருமதி இயோ முழங்கையைப் பிடிச்சாங்க.
அது சுதி சேர்க்கிறதாம்.
இன்னும் ஆரம்பிக்கலையாம்.

அப்புறம் வாசிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு.
நீளம்.
இடைவேளையில கிளம்பிட்டேன்,
பையனை டியூஷன்லேருந்து ஏத்தணும்.
பார்க்கிங் ஒம்பது வெள்ளி.
எப்படி முடிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.
கேட்கவும் தோணல.

அதனால டிக்கெட்டு கிடைச்சா
முன்னாடியே போய் உக்காருங்க.
கைபேசியை நோண்டாதீங்க.
எல்லாரும் மேடைக்கு வரும்போது இருமிக்கிட்டிருப்பாங்க.
நீங்க காதைக் கொடுங்க.
ஒரு நிமிஷம்கூட இருக்காது.
அதுக்குக் காசு கணக்கு இல்ல,
நிகழ்ச்சித் தாள்லயும் போட்டிருக்க மாட்டாங்க.

இதோ உங்க ஹோட்டல்.
சாலைப் பக்கம் கதவைத் திறக்காதீங்க,
மோட்டார் வருது.
பின்னால குடை உங்களுதா?