நிரை

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
நட்ட காடு.
தானாய் முளைத்த காடு.
மூன்றாவது ஒன்று வேண்டுமே என்றேன்.
திரு. கோ கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:
"ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போகிற அட்டவணை, வானதி.
உன் சந்தேகத்துக்கு அதில் பத்தி இல்லை."

மண்டாய்ப் பக்கம், இருபத்தேழாம் துண்டு.
முந்தின இரவு மழை.
அட்டைகளுக்கு அஞ்சி உப்பு தேய்த்த காலுறை.
ஹஃபீஸா நாடாவைச் சுற்றுகிறாள், நான் எழுதுகிறேன்.
ரப்பர், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
ரப்பர், இருநூற்றுப் பதினொன்று;
இடுப்புயரத்தில் பழைய வெட்டு,
பட்டை மூடியும் மூடாமலும்.
பேர் தெரியாத ஒன்று, கட்டைவிரல் தடிமன்.
பிரம்பு முள் சட்டையைப் பிடித்து நிறுத்தியது.
மேலே எங்கோ ஒரு காய் வெடித்தது, டப்,
விதை வந்து விழுந்த இடம் தெரியவில்லை.

மதியம் கருவியின் திரையில் புள்ளிகளைப் பார்த்தோம்.
சிறிசுகளை மறை என்று தட்டினாள் ஹஃபீஸா.
மிஞ்சியவை
நேர்கோட்டில் நின்றன.
பள்ளிக்கூடத்துக் காலை அணிவகுப்பு மாதிரி,
இருபது அடிக்கு ஒரு நிரை,
நிரைக்குள் பன்னிரண்டு அடிக்கு ஒரு மரம்.

யாரோ கயிறு பிடித்திருக்கிறார்கள்.
மறுமுனையில் யாரோ
"இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று
எந்த மொழியிலோ கத்தியிருக்கிறார்கள்.
கயிறு மட்கி எத்தனையோ காலம்.
மரங்கள்
இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அதற்கும் முன்னால் கேம்பியர்.
அந்த இலையை வேகவைக்க
பெருங்காடு விறகாய்ப் போனது.
மண் சலித்ததும் லாலாங் புல்.
புல்லைக் கெல்லி ரப்பர்.
ரப்பர் விலை விழுந்த பிறகு
யாரும் வரவில்லை.
அந்த வராமைக்கு அறிக்கையில்
இயற்கை மீட்சி என்று பேர்.

எத்தனை வருஷம் யாரும் பார்க்காமல் இருந்தால்
நட்டது, தானாய் முளைத்ததாகும்?
ஹஃபீஸா கச்சாங் பொட்டலத்தைப் பிரித்தாள்.
"என் அடையாள அட்டையில் ஜாவா என்று இருக்கிறது.
நான் ஜாவாவைப் பார்த்ததே இல்லை.
கடலை எடுத்துக்கோ."

அலுவலகம் குளிர்ந்து கிடக்கிறது.
வரைபடத்தில் நட்ட காட்டின் கோடு
படிப்படியாய் இறங்கி
பூஜ்யத்தில் படுத்துவிட்டது.
அந்தச் சரிவில் ஒரு மரமும் விழவில்லை.
யாரோ ஒருவர், என்னைப்போல் ஒருவர்,
வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில்
ஓர் எண்ணை இந்தக் கட்டத்திலிருந்து
அந்தக் கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறார்.

நிஜமாகவே விழுந்தவை இருக்கின்றன:
தகரவேலிக்குப் பின்னால், மாடிவீடுகளுக்காக.
அது வேறு கோடு, வேறு நிறம்.
விரைவுச்சாலையோரம் நாம் நடுகிற கன்றுகளோ
எந்தக் கோட்டிலும் ஏறுவதில்லை.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு,
மூன்று முட்டுக்கொம்பு உண்டு,
தண்ணீர் லோரி வரும் கிழமைகூட உண்டு.
காடு என்ற பேர்தான் கிடையாது.

வெறுமையாய் விட்டால் மென்பொருள் ஏற்காது.
தானாய் என்பதில் குறியிட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில்
இருபது எழுத்துக்குத்தான் அனுமதி.
"நிரை தெரிகிறது" என்று போட்டேன்,
எட்டு எழுத்து.
மிச்சத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

இரவு, சலவை இயந்திரத்துக்குள் லொட லொட சத்தம்.
கால்சட்டைப் பையில் மறந்துபோன
மூன்று ரப்பர் விதைகள்.
நுரை கழுவியதில் ஓட்டின் புள்ளிகள்
இன்னும் துலக்கம்.
நடுகிற எண்ணம் எனக்கில்லை.
பத்தாம் மாடி, தெற்குப் பார்த்த ஜன்னல்;
எறியவும் கை வரவில்லை.
கற்றாழைத் தொட்டியின் பக்கத்தில் வைத்தேன்.
தொட்டிக்குள் இல்லை.
பக்கத்தில்.

காலையில் பார்த்தால்
இரண்டுதான் இருந்தன.