ஒரு சாண்

அனோரதா சாலையில், பல் வைத்தியர் மாடிக்குக் கீழே
என் டிக்கெட் கவுண்டர். சுவரில் ஆசியா.
எக்ஸ்ரே உறையை அக்குளில் இடுக்கியபடி வந்தவர்
யாங்கோனில் கட்டைவிரலை ஊன்றி
சென்னை வரை கையை விரித்தார்.
"ஒரு சாண்தானே தங்கச்சி?"

நேர்கோட்டில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
இரண்டரை மணி நேரம்;
ஒரு பன்னும் அரைத் தூக்கமும்.
ஆனால் இந்த வாரம் நேர் விமானம் இல்லை.
மேற்கே போக முதலில் கிழக்கே போக வேண்டும்.
பாங்காக். அங்கே ஒன்பது மணி நேரம் நாற்காலி.
பிறகு வந்த வானத்திலேயே திரும்பி
இந்தக் கூரைக்கு மேலாகவேகூடப் போவீர்கள் என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

"அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னாலயாமே,
அப்ப எனக்கு லாபம்?"
திரும்பும்போது பிடுங்கிக்கொள்வார்கள்
என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அச்சு இயந்திரம் பாங்காக் வரை துப்பியது.
கரண்ட் போனது.
மீதிப் பயணம் உள்ளே மாட்டிக்கொண்டது.

பக்கத்துக் கடை ஜெனரேட்டர் உறுமும்வரை
இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
பெயரைச் சரிபார்க்கக் கேட்டேன்.
பாஸ்போர்ட்டில் ஊ டின் மௌங்.
கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே,
"வீட்ல தணிகாசலம்.
அந்த ஆஸ்பத்திரியில
எந்தப் பேரைக் கூப்பிட்டா எழுந்திருக்கணும்?"

வெளிச்சம் வந்தது.
திரும்பும் தேதியைக் காலியாக விட
கம்ப்யூட்டர் சம்மதிக்கவில்லை.
ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை போடு என்றார்,
சுவரில் இன்னொரு முறை
சாண் வைத்துப் பார்த்துக்கொண்டே.