பூஜ்யம் புள்ளி இரண்டு

கடிதத்தில் ஒரே வரிதான் எனக்கு முக்கியம்:
'மேற்படி தேதியில் தங்கள் பிர்காவில்
பதிவான மழை 0.0 மி.மீ.'

மேற்படி தேதியில்
எங்கள் தக்காளிச் செடிகள் மேல்
நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கல் விழுந்தது.
ஒன்றைப் பொறுக்கி ஃப்ரீசரில் வைத்தேன்,
இட்லி மாவுக்குப் பக்கத்தில்.
இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சிறுத்துவிட்டது.
காப்பீட்டு அலுவலகத்தில்
கல்லை வாங்கிப் பார்க்கிற கவுண்டர் இல்லை.

மழைமானி இருப்பது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி,
மலைக்கு அந்தப் பக்கம்.
அதன்மேல் கோபமில்லை.
அங்கே பெய்யவில்லை, அது எழுதவில்லை.

ராயக்கோட்டை மண்டியில் எடை எழுதுபவள் நான்,
பதினான்கு வருஷமாக.
தராசு எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று தெரியும்:
தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி,
நனைத்துக் கொண்டுவந்த பெட்டி,
முள் நிற்கும் முன்பே உரக்கப் படித்துவிடும் வாய்.
வானத்துக்கு ஒரு தராசு வாங்குவதென்று முடிவானபோது
நான் முதலில் கேட்டது விலையை அல்ல.

ஓசூர்க் கடையில் மூன்று இருந்தன.
ஒன்று மேசைக் கடிகாரம் மாதிரி.
சூரியன், மேகம், குடை என்று படம் காட்டும்.
நாளைக்கு என்ன என்று சொல்லுமாம்.
நாளைக்கு என்ன என்று சொல்ல
மண்டியில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.
நேற்று என்ன என்று சொல்லத்தான் ஆளில்லை.

இன்னொன்றில் எல்லாம் உண்டு.
சுற்றுகிற மூன்று கிண்ணம், திசை காட்ட ஒரு வால்,
வெயிலை அளக்க ஒரு கண்.
இருபத்திரண்டாயிரம்.
மனசு தானாக வகுத்தது:
இன்றைய விலையில் நூற்றுப் பத்துப் பெட்டி.
விலை விழுந்த நாளென்றால் நானூற்று நாற்பது.

மூன்றாவது
ஒரு வெள்ளைப் புனல்,
அதற்குள் ஏற்றப்பலகை போல ஆடும் சின்னக் கரண்டி.
நிரம்பினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணும்.
வெப்பத்துக்கு, தட்டு மேல் தட்டாக ஒரு கூடு.
வீட்டுக்குள் வைக்க உள்ளங்கை அளவு திரை.
அவ்வளவுதான்.
"இதை யார் சரிபார்ப்பது?" என்றேன்.
கடைக்காரர் இம்தியாஸ் தாடியைச் சொறிந்து
"நீங்கதான் மேடம்" என்றார்.
அந்தப் பதிலுக்காகவே வாங்கினேன்.

மாடியில் வைக்கலாம் என்றார் மாதப்பன்.
காரை சூடேறும், தண்ணீர்த் தொட்டி மறைக்கும் என்றேன்.
தென்னைக்குத் தள்ளி, சுவருக்குத் தள்ளி,
கடைசியில் அது நின்றது
எருமை கட்டும் இடத்தில்.
எருமையைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி
சொட்டுச் சொட்டாக விட்டேன்.
டிக்.
மறுபடி விட்டேன்.
டிக்.
இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மாதப்பனுக்கு மழை இரண்டே வகை:
உழவு மழை, பேருக்கு மழை.
"உழவு மழைன்னா இதுல எத்தனை?"
தெரியாது. பெய்யட்டும், எழுதிவைப்போம்.
"இதைக் காட்டினா பணம் குடுப்பாங்களா?"
மாட்டாங்க.
"அப்புறம் எதுக்கு?"
ஃப்ரீசர்ல ஒண்ணு தனியா கிடக்குதே,
அதுக்குத் துணைக்கு.

பதினொரு நாள் 0.0.
நோட்டில், என் கையெழுத்தில்.
கடிதத்தில் இருந்த அதே பூஜ்யம்தான்.
இது காலை ஏழரைக்குச் செருப்பில் மண் ஒட்ட
நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது.

பன்னிரண்டாம் நாள்,
வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில்,
திரையில் 0.2.
ஓடினேன்.
தரை புழுதியாகக் கிடந்தது.
புனல் விளிம்பில் ஒரு காகம்
தத்தித் தத்தி
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

0.2 என்று எழுதினேன். அடிக்கவில்லை.
பக்கத்தில், 'குறிப்பு' என்று கோடு போட்டிருந்த கட்டத்தில்:
காகம்.