அடுத்த ஆடியில்

தஞ்சை மெடிக்கல் வாசலில் பஸ் ஏறினேன்.
முடிவுத்தாளை எட்டாக மடித்து
செல்போன் உறைக்குள் செருகியிருந்தேன்.
மன்னார்குடி தாண்டும்வரை
பாட்டே ஓடாத ஹெட்செட் காதில்.

இ-சேவை மையத்தில் எனக்கு வேலை.
சாதி, வருமானம், வாரிசு, முதல் பட்டதாரி...
திருத்துறைப்பூண்டிக்காரர்களின் உண்மைகளை
அறுபது ரூபாய்க்கு
அச்சடித்துத் தருகிறவள்.
இந்த ஒரு தாளை
எந்த மெஷினிலும் வைக்க மாட்டேன்.

டாக்டரும் சின்னப் பெண்தான்.
பெயர்ப்பட்டையில் நஸ்ரீன்.
"ஹெச்பிவி. உன் வயசுல நெறைய பேருக்கு வரும்,
பெரும்பாலும் தானாவே போயிடும்.
புற்றுநோய் இல்ல. நல்லாக் கேட்டுக்க, இல்ல.
அடுத்த ஆடியில வந்து காட்டு, மறக்காம."
யாரிடமிருந்து, என்றேன்.
பேனாவை மூடினாள்.
"ஆத்துத் தண்ணியில
எது எந்த மழைன்னு பிரிப்பியா?"

திருப்பூரில் இருக்கும் ஒருவனுக்கு
நாலு வரி அடித்து, அழித்தேன்.
அவனிடம் தாள் கிடையாது.
ஆம்பளைகளுக்கு இந்த டெஸ்டே எடுப்பதில்லையாம்.

கருப்பை வாய் என்று அச்சாகியிருந்தது.
வாய்தான்.
இருபத்துமூன்று வருடத்தில்
அது ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயரும் இல்லை,
"அங்க" என்போம்
பக்கத்து ஊருக்கு வழி காட்டுவதுபோல.

அம்மாவிடம் ரத்தசோகை என்று சொன்னேன்.
மூன்று நாளும் முருங்கைக்கீரை.
வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டையிலிருந்து
பெண் பார்க்க வருகிறார்கள்.

எங்களூர் கடைமடை.
அணை திறந்ததை டிவியில் பார்த்து
எத்தனையோ நாள் கழித்துத்தான்
கோரையாற்றில் ஈரம் தெரியும்.
ஒரு வருடம் என்ன,
காத்திருக்கத் தெரியும் எனக்கு.
ஆனாலும் ராத்திரியில் மட்டும்
தெரியவில்லை.

சீட்டை எடுத்தேன், நாலாயிரம் தள்ளி.
கனிஷ்காவுக்குப் பதின்மூன்று.
சம்பா விதைப்புக்கு ஒரு ஊசி,
அறுவடைக்கு ஒரு ஊசி.
மருந்துக்கடையில்
தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் வைத்துத் தந்தார்கள்.
ஐஸ்க்ரீமாக்கா, என்றாள்.

கிளினிக் பெஞ்சில் கேட்டாள்:
"எதுக்கு இந்த ஊசி?"
அங்க, என்று நாக்கு நுனிவரை வந்தது.
கருப்பை வாய், என்றேன்.
குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
டோக்கன் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயா? அதுக்குப் பல்லும் இருக்குமாக்கா?"

சிரிப்பை அடக்க முடியாமல்
துப்பட்டாவைக் கடித்தேன்.
ஊசி இறங்கும்போதும் குலுங்கிக்கொண்டிருந்தாள்,
நர்ஸ் அதட்டினார்.

ராத்திரி கை வலிக்கிறது என்று
அந்தக் கையை என்மேலேயே போட்டுக்கொண்டு
தூங்கிப்போனாள்.
நல்ல கனம்.
எடுத்து வைக்கவில்லை.