அம்மன்மேட்டுச் சேகரம்

நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்கு
ஊர்ப்பெயர்க் காரணம் அரைப் பக்கம்,
ஆலய வரலாறு இரண்டு பக்கம்
எழுதித் தரச் சொன்னது சேகரக் கமிட்டி.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவன் நான்;
என் கையில் கூட்டல் தப்பாதென்று நம்பிக்கை.

ஊர் அம்மன்மேடு.
மேட்டில் அம்மன் இல்லை.
"எங்காத்தா பள்ளத்துல இருக்கறா.
மேட்ல இருந்தது யாருன்னு எனக்குத் தெரியாதுங்"
என்று முடித்துக்கொண்டார் பூசாரி சென்னியப்பன்.

பழைய சர்வே புத்தகத்தில் அது அம்மணமேடு.
கூச்சப்பட்ட கர்ணம் எவரோ
ணகரத்தின் மூன்றாம் சுழியைக்
கத்தி முனையால் சுரண்டியிருக்கிறார்.
அதற்கும் முன்னால்,
பாறையின் தெற்கு முகத்தில்
ஆட்டுப்புழுக்கையை ஒதுக்கிவிட்டுக் குனிந்தால்
அமணர் என்று படிக்கலாம், படிக்க மனமிருந்தால்.
பக்கத்தில் கல்லில் வெட்டிய ஐந்து படுக்கை,
தலைமாட்டில் சற்றே உயரம்.
ஒரு மெய்யைக் கூட்டி, ஒரு சுழியைக் கழித்து
உடுத்தாமல் உறங்கியவர்களின் இடத்துக்கு
ஊர் சேலை கட்டிவிட்டிருக்கிறது.

அடிவாரம் பள்ளிக்காடு.
மிஷன் பள்ளிக்கூடத்தால் வந்த பெயர்
என்பார் செயலாளர் ஞானபரணம்.
ஆனால் கிரீவ் ஐயரின் முதல் கடிதமே
'பள்ளிக்காட்டில் பள்ளி வைக்க இடம் கேட்டோம்'
என்றுதான் தொடங்குகிறது.
பந்தல் போடும் சிக்கந்தர் சிரிக்கிறார்:
"அப்ப அது எங்களுதாக்கூட இருக்குமுங்."
இருக்கலாம்.
இந்த வருஷம் அங்கே சோளம்.

ஐயரின் சொந்த ஊர் கில் என்று தொடங்குமாம்.
ஸ்காட்லாந்தில், ஆடும் மழையும் மிகுந்த பக்கம்.
கேட்டெழுதிய உபதேசியார் அதைக் கீழ் என்று எழுதி
ஓர் ஊரையே இறக்கிவைத்துவிட்டார்.
கில் என்றால் துறவியின் அறை;
எந்தத் துறவி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது என
ஐந்து படுக்கைகளையும் அளந்த இரவில்
ஐயர் எழுதியிருக்கிறார்.
கடைசிப் படுக்கையில் படுத்தும் பார்த்தாராம்.
கால் நீண்டது.

மலரின் அட்டையில் அவர் குதிரையில் வருகிறார்,
சபையை நிறுவுகிறார்.
அவர் எழுதியதோ இது:
'இட்டேரியில் திரும்பும்போதே பாட்டுக் கேட்டது.'
ஏழு பேர். சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால்.
சூளைக்காரி நாச்சாயிக்கு எழுத்துத் தெரியாது;
காங்கயம் சந்தையில் புகையிலை மடித்துக் கொடுத்த தாளை
வளையல் செட்டியிடம் காட்டி வாசிக்கக் கேட்டு
மூன்று சந்தை நாளில் மனப்பாடம் செய்தாள்
ஒரு சங்கீதத்தில் பாதியை.
மறுபாதி தாளில் இல்லை.
அதை அவளே கட்டினாள் போலும்.
ஐயர் திருத்தவில்லை.

ஞானஸ்நானத்துக்குக் கிணறு கிடைக்கவில்லை.
கிளுவை வேலியை அடைத்துப் படலைச் சாத்தினார்கள்.
மாட்டுத் தொட்டியில் நடந்தது.
அதனால்தான் அந்தக் காடு தொட்டிப்பள்ளம்.
இந்த வரியைக் கமிட்டி அடித்துவிட்டது,
அமணரையும் சேர்த்து.
"நாலு பேரு படிக்கறதுங்க தம்பி, எதுக்கு வம்பு."
சேகரம் என்றால் சேர்த்துவைத்தது.
அடித்ததை எங்கே சேர்ப்பது?

பதிவேட்டின் முதல் வரி:
பெயர் நவோமி.
முன்பெயர் என்று ஒரு கட்டமே இல்லை.
வயது அறியோம்.
ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு;
சூளை இருந்த புறம்போக்குக்கு
அன்றைக்குப் பெயரில்லை.

கணக்குப்படி இங்கே ஒரு பற்று இருக்கிறது.
அதற்கான வரவைத் தேடிக்கொண்டு
ஐந்தே முக்கால் டவுன் பஸ்ஸில் போகிறேன்.
இரண்டு வேலமரம், ஒரு தறிக்குடோன், வெந்த கல்.
நவோமி என்றால் திரும்பிப் பார்க்க
ஆளில்லாத அந்த இடத்தில்
விசிலடித்துக் கத்துகிறார் கண்டக்டர்:
நாச்சாயிவலசு எல்லாம் எறங்கு,
நாச்சாயிவலசு.