ஒன்பதாம் மணி, ஐம்பது மில்லி

தபாலில் வந்தது.
கறுப்புப் பெட்டி, கறுப்புப் பஞ்சு,
நடுவில் மெழுகுமூடி போட்ட ஒரு குப்பி.
மூக்கும் முழியுமாகத்தான் இருந்தது.
"கிஸ்லேன் அம்மையாருக்கு,
கதவு திறந்துவிட்ட நன்றியோடு, ஏமெரிக்."

கதவு மட்டுமா திறந்தேன்?

போன நவம்பரில் பாரிசிலிருந்து வந்தான்,
ஒரு கண்ணாடிக் கவிப்பும்
ஓயாமல் முனகும் சின்னப் பம்பும் எடுத்துக்கொண்டு.
நமூரில் எத்தனையோ கோயில் இருக்க
எங்கள் ஹாதலின் கோயிலின் காற்றுதான் வேண்டுமாம்.
காற்றைப் பிடிக்க வந்தவனுக்கு
மூன்று நாள் காப்பி போட்டேன்.

ஹீட்டரை அணைக்கச் சொன்னான், டீசல் வாடை என்று.
அணைத்தேன்.
கல்லறைத் திருநாள் செவ்வந்திகளை,
சாடிக்குள் கொழகொழத்த தண்ணீரோடு
வெளியே கொண்டுபோகச் சொன்னான்.
கொண்டுபோனேன்.
பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரையைக்கூடக்
கழற்றி மடித்து வைத்தேன்.
நாற்பது வருட மூச்சு அதில்,
வெங்காயமும் புகையிலையும் வெட்கமும்.

பிறகு மனிதர்கள்.
நாலு மணிக்குச் செபமாலை சொல்ல வரும் மூவரை
நானே வாசலில் மறித்தேன்:
இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டே
அருள்நிறைந்த மரியே சொல்லும் ஒதீலை,
நனைந்த கம்பளிக் கோட்டு ஃபெர்னானை,
நாயை மண்டபத்தில் கட்டிவிட்டு வரும்,
நாயைவிட அதிகம் நாய் மணக்கும் வால்தேரை.
மூன்று நாளைக்கு வீட்டிலேயே சொல்லுங்கள்,
மாதா அங்கேயும் கேட்பாள் என்றேன்.
ஒதீல் என்னைப் பார்த்த பார்வை!

இப்போது அந்தக் கோயில் இந்தக் குப்பிக்குள்.
விலை இருநூற்றுப் பத்து யூரோ;
பெட்டிக்குள் மறந்துவிட்டிருந்தான் சீட்டை,
மறந்தானோ, வைத்தானோ.

மணிக்கட்டில் ஒரு பீய்ச்சு.
மூன்று மணி நேரம் பொறுத்தால்தான் திறக்குமாம் வாசனை,
கையேடு சொல்கிறது.
பகல் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தேன்.
முதலில் எலுமிச்சை.
அதன்பின் மிளகு போல ஏதோ,
யாரோ பெரிய ஹோட்டலின் லிஃப்ட் போல ஏதோ.
சாம்பிராணி எங்கே என்று தேடினேன்.
வந்தது, சாம்பிராணியைப் பற்றிக்
கேள்விப்பட்ட ஒருவர் சொன்னது போல.
இரண்டு மணிக்கு வெனிலா.
முதல் நற்கருணைக்கு வெட்டுவார்களே,
அந்தக் கேக்.
மூன்று அடித்தது.
திரை ஒன்றும் கிழியவில்லை.
மேல்வீட்டுத் துணி இயந்திரம் மட்டும் நின்றது.

குளிர்ந்த கல், என்கிறது கையேடு.
மௌனம், என்கிறது.
மௌனம் இருக்கத்தானே செய்யும்,
பேசுகிறவர்களைத் துரத்திவிட்டால்?

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.
"எலுமிச்சை: வண்ணக்கண்ணாடி வழியே இறங்கும்
கிருபையின் முதல் ஒளி."

குப்பியைக் கீழே வைத்தேன்.
அவன் வருவதற்கு முந்தின இரவு,
பாரிசிலிருந்து ஆள் வருகிறானே என்று
பீடத்தின் படியிலிருந்து ஞானஸ்நானத் தொட்டி வரை
முழங்காலில் நகர்ந்து நகர்ந்து துடைத்தவள் நான்.
சூப்பர்மார்க்கெட் திரவம், மஞ்சள் டப்பா,
இரண்டு லிட்டர், ஒன்று தொண்ணூறு.
வாளிக்கு ஒரு மூடி போதும் என்று எழுதியிருக்கும்.
மூன்று ஊற்றினேன்.

அழுதேனா சிரித்தேனா தெரியாது,
மணிக்கட்டை மறுபடி மோந்தேன்.
அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை.

ஞாயிறு பூசையில் பக்கத்தில் ஒதீல்.
ஹீட்டர் உறுமுகிறது, செவ்வந்தி அழுகுகிறது,
வாசலில் வால்தேரின் நாய் தும்முகிறது.
சமாதானம் சொல்லக் கை நீட்டினேன்.
பிடித்தவள் விடவில்லை; குனிந்தாள், முகர்ந்தாள்,
மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள்.
"தரை துடைத்துவிட்டு நேரே வந்துவிட்டாயா?"

ஆமாம் என்றேன்.