அரைக்கால் நொடி

டோங்காட் கடைத்தெருவில் எங்கள் மசாலாக் கடை.
மாடியில் வீடு.
பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில்
கொழுந்தன் யேகாம்பரம் தூக்கி வந்த டிவி
சுவரில் பாதியை எடுத்துக்கொண்டது.

கிரிக்கெட்டில் பந்தின் தையல் தெரிந்தது.
எல்லாரும் வாய்பிளந்தோம்.
சினிமா போட்டால்தான் என்னவோ போலிருந்தது.
ராணி வேஷக்காரி
மெகா சீரியலுக்கு இடம்மாறி வந்தவள் மாதிரி நடந்தாள்.
போர்க்குதிரை எண்ணெய் தடவிய தரையில் வழுக்கியது.
"பக்கத்து அறையில் யாரோ ஒத்திகை பார்க்கிறான்,
கதவைச் சாத்து" என்றார் என் கணவர்.
"கண்ணுக்குப் பழகிவிடும் அண்ணே" என்றான் யேகாம்பரம்.
பழகிவிட்டது.

கல்லாவில் நானூறு ராண்ட் குறைந்த செவ்வாயன்று
கடைக் கேமராவின் பதிவை
அந்தத் திரையில்தான் பார்த்தோம்.
நொடிக்கு எட்டே படம் எடுக்கும் மலிவுக் கேமரா.
கடைக் கம்ப்யூட்டரில் எப்போதும் விக்கி விக்கி ஓடும்.
இங்கே விக்கலே இல்லை.
தந்தேகாவின் கை
கல்லாவிலிருந்து கிளம்பி
வெண்ணெயாய் வளைந்து
ஏப்ரன் பைக்குள் இறங்கியது.
"தண்ணி மாதிரித் தெளிவா இருக்கே" என்றாள் நீர்வாணி.
ஆறு வருடம் எங்கள் கொத்தமல்லியை வறுத்தவளை
அடுப்பை அணைக்கக்கூட விடாமல் அனுப்பினேன்.
"கையைத் துடைத்தேன் ஆன்ட்டி.
மஞ்சள்."
அவள் சொன்னது இவ்வளவே.

ஞாயிறன்று ஹாஸ்டலிலிருந்து வந்த கமலசேன்
"என்ன கண்றாவி இது" என்று ரிமோட்டைப் பிடுங்கி
செட்டிங்ஸின் நாலாவது அடுக்கில் எதையோ அணைத்தான்.
ராணி மறுபடி ராணியானாள்.
"ரெண்டு படத்துக்கு நடுவில்
டிவி தானா ஒண்ணு வரைஞ்சு செருகும்மா.
யாரும் எடுக்காத படம்."
சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.
எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து மணிக்கு மின்வெட்டு.
ஒன்பதரைக்குப் பென்டிரைவைச் செருகினேன்.
அதைப் போட்டபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
ஓரிடத்தில் அவள் கைக்கு ஆறு விரல்.
ஓரிடத்தில் சிவப்பு வெள்ளை மணிக்காப்பு
இழுப்பறையின் இரும்புக்குள் புகுந்து
மறுபுறம் வந்தது.
விளிம்பெல்லாம் நீர்வளையம்.

அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
கை, கல்லாவின் மேல்.
கை, ஏப்ரன் அருகில்.
நடுவே அரைக்கால் நொடி,
துடைத்துக் கவிழ்த்த தட்டாய்க் காலி.

டிவிக்கு அவள் யாரென்று தெரியாது.
எந்தத் தெருவிலிருந்து வருகிறாள்,
என்ன நிறம், எதுவும் தெரியாது.
இங்கிருந்து அங்கே
அது ஒரு கோடு இழுத்தது. அவ்வளவுதான்.
மறுபடி பார்த்தேன், மறுபடியும்:
கை அருகில் போய் நின்றது.
பைக்குள் இறக்கியவள் நான்.

விளக்கு போயிற்று.
கடைக்கணக்கு நோட்டை இருட்டில் மடித்து வைத்தேன்.
அந்த நானூறு இன்றுவரை அகப்படவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை. ஹம்பனாத்தி.
தகரக் கேட்.
சங்கிலியில் நாய்.
தந்தேகாவின் முகம்.
என் கையில் உறை.
அவள் கழுத்துக்குக் கீழே மணிகள், அசையாமல்.
சாத்திய கேட்.
என் கையில் உறை.

இவற்றுக்கு நடுவே என்ன என்று
நீங்களாக வரைய வேண்டாம்.

வீடு திரும்பினால் கிரிக்கெட்.
யாரோ அதை மறுபடி போட்டிருந்தார்கள்.
யேகாம்பரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.
பந்து
ஒரு விக்கல்கூட இல்லாமல்
எல்லைக் கயிற்றைத் தொட்டது.